என் சுவரில் உன் மயில்

இன்று காலையில் அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறினால் போதும், நீ வந்துவிடுகிறாய். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். உன்னைவிட எனக்குக் கூடுதலாக இருந்தது அது ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன்.

நீ குடிவந்தபோது நம் சந்துக்கு ஊர் வைத்திருந்த பெயர் குப்பைமேடு. புதுக்கோட்டைச் சந்தைக்குப் பின்னால் மூட்டை தூக்குபவர்களும் கல் உடைப்பவர்களும் ஒண்டியிருந்த மண்வீடுகள். யாராவது கேட்டால் "சந்தைக்கு அங்கிட்டு" என்று மழுப்புவோம். அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு எல்லோரும் காவிப்பட்டை போட நின்றபோது நீதான் சொன்னாய்: "வீட்டுக்கு வீடு பட்டை எதுக்குக்கா? சந்து பூரா ஒரே மயிலா இழுத்துட்டா என்ன?"

ஒட்டி நின்ற சுவர்களில் விராலிமலை மயில் ஒன்று நீண்டது. தோகையில் வீட்டுக்கு ஒரு கண். அந்தந்த வீட்டுப் பெண்ணே தீட்டினாள். முனைவீடு என்பதால் தலையும் கழுத்தும் என் சுவரில் வந்தன. அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அவற்றை வரைந்தது நீ. கோலத்தில் பெயரெடுத்தவள் நான், பக்கத்தில் நீலம் கரைத்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது.

ஜெர்மன்காரன் சண்டைக்காலத்தில், ரேஷன் மண்ணெண்ணெய் வரிசையில் நம் பெண்கள் நிமிர்ந்து நின்று "மயில் சந்து" என்றார்கள். நானும்தான் சொன்னேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என் சுவர் முன்னால் நின்றுகொண்டு உன் வீட்டை விசாரித்தார்கள். என் வீட்டுக்காரர்கூட, "அந்தப் புள்ள கையில என்னமோ இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் குழம்பில் உப்பு இல்லை.

ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதே மழையில் மயிலும் கரைந்தது. நேற்று எல்லோரும் என் வாசலுக்கு வந்து, "இனிமே நீங்கதான்க்கா வரையணும்" என்றார்கள். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. என் மயிலை வரைந்தேன், கழுத்தை நன்றாக நிமிர்த்தி.

"நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா அவுக மயில் மாதிரி இல்லையே."

"அவுக மயில் எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன்."

ஒருத்தி, கழுத்து நேராக இருந்தது என்றாள். இன்னொருத்தி, திரும்பியிருந்தது என்றாள். உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஒருத்திக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். கழுத்து எங்கே வளையும், அலகு எவ்வளவு திறந்திருக்கும், கொண்டையில் எந்த இறகு சாய்ந்திருக்கும், எல்லாம். தினமும் கரித்துக்கொட்டியபடியே பார்த்ததில் மனப்பாடமாகிவிட்டது. இன்று காலையில் சுண்ணாம்படித்து என்னுடையதை அழித்துவிட்டேன். சுவர் காய்ந்ததும் உன்னுடையதை வரைவேன். உன்மேல் பாசம் வைத்தவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பொறாமைப்பட்டவளிடம்தான் நீ முழுசாக இருக்கிறாய்.