வால்வைத் தாங்கிய தறிநூல்

மச்சான்,

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் எஞ்சின் எண்ணெய் மணம் போகவில்லை. இந்த மணத்தோடு நீங்கள் குசினி அடுப்படிக்கு வந்தால் வெளியே துரத்துவேன். இன்று அதே கையால் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மொரிஸ் மைனர் காரின் எஞ்சினைப் பிரித்துப் புதிதாக்கினீர்கள். வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. "காரோட பிறந்த ஸ்பிரிங் புள்ள, தாங்கும்" என்றீர்கள். எங்கே தாங்கியது? சாகாமம் றோட்டில் வேகம் கூட்டினால் உதறும். கடைசியில் ஒன்று முறிந்து, கார் வீட்டு வளவிலேயே நின்றது. புதுசு வாங்கி வைத்தீர்கள். பெட்டியைப் பிரிக்குமுன் மௌத்தாகி என்னை விதவையாக்கிவிட்டீர்கள்.

நான் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து வெளியே வந்த கிழமையே தம்பி வந்தான்.

"பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருவம் ராத்தா. ஆர் ஓட்டுற இத?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்டார்ட் ஆகல்லண்டா குடு. அதுவரைக்கும் கை வைக்காத. இது என்ட வளவு."

சொல்லிவிட்டேன், பயமாகவும் இருந்தது. ஆனால் நீங்கள் செய்த வேலைக்கெல்லாம் பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுத்தவள் நான்தானே.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங் மாற்றினால் வால்வு உள்ளே விழுந்துவிடும். ஸ்பார்க் பிளக் ஓட்டையால் கயிறு திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றி, வால்வைத் தாங்க வைக்க வேண்டும். உங்கள் கூட்டாளியின் காருக்கு மீன்காரரின் நைலோன் கயிற்றைத் திணித்தீர்கள், நுனியையும் சேர்த்து உள்ளே விட்டீர்கள். பிறகு அதை எடுக்க ஹெட்டையே கழற்றினீர்கள். "ஆரிட்டயும் சொல்லிராத" என்று கெஞ்சினீர்களே! நான் நெசவு ஊரான மருதமுனைக்காரி. உம்மாவின் தறியில் மிஞ்சிய நூலை முறுக்கித் திணித்தேன், பிறகு உருவி எடுக்க நுனியை வெளியே கட்டிவைத்தேன். புது ஸ்பிரிங்குகளை மாட்டும்போது ஒன்று நழுவிப் பெருவிரலைக் கிழித்தது. வாய்விட்டு ஏசினேன், உங்களைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த தம்பி சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, அடங்கியது. அவன் என்னைப் பார்க்கவில்லை. மறுபடி திருப்பினான். பிடித்துக்கொண்டது.

"வேகத்தக் கூட்டு" என்றேன். கூட்டினான். உதறலே இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நிப்பாட்டவா ராத்தா?"

"வேணா. ஓடட்டும்."

என் பிடிவாதம் பொல்லாதது என்பீர்கள். அதை விடாமல் வைத்திருக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன்.

"இறங்கு தம்பி. கிளச் எதெண்டு காட்டு."