பெயர் போட்டு வந்த கடிதம்

மே 6, செவ்வாய்

காலையில் கதவைத் தட்டினார்கள். க்ரீர் என்றொரு பெண் போலீஸ், கூடவே பாதிரியார் ஹாலிஸ். கைது செய்ய வரவில்லையாம். கையில் ஒரு கடிதம், என் பெயர் போட்டு.

"இந்த ஊர்ல சுடறதும் சாகறதும் அறுபது பேருக்குள்ளதான் நடக்குது, ரஷீன். அதுல நீ ஒருத்தன். மார்ச்ல உங்க வண்டி மேல சுட்டவங்கள நீ திருப்பிச் சுடப் போறன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் க்ரீர்.

சுட்டால் என் மேல் இருக்கும் பழைய வழக்கையும் சேர்த்து உள்ளே தள்ளுவார்களாம். விட்டுவிட்டால் வேலை, வேறு ஊரில் வீடு. பதினைந்தாம் தேதி நூலகத்தில் கூட்டம்.

திருப்பிச் சுடுவதைப் பற்றிப் பேசியது இரண்டே பேர். நானும், பெரியம்மா மகன் ஓட்டிஸும்.

மே 7

கடிதத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

மே 9

கோழிக் கடையில் ஓட்டிஸ் போனைக் கவிழ்த்து வைத்தான். முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டான். "என்னடா மொறைக்கிற?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவன். அவனா? இல்லை — அவனைத் தவிர வேறு யாரு?

மே 11

வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். இந்த வெயிலில் ஜாக்கெட் போட்டிருந்தான். எதையோ எடுக்க உள்ளே கைவிட்டான். என் கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. எடுத்தது சிகரெட். எனக்கும் ஒன்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கை இடுப்புக்குப் போனதைப் பார்த்திருப்பானோ?

மே 15

போனேன். வாசலில் சோதனை என்று தெரியும், அதனால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். மூன்றாவது வரிசையில் ஓட்டிஸ். மடியில் அதே மாதிரிக் கடிதம்.

மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா பேசினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. முடிந்ததும் க்ரீரை மறித்தேன். "நாங்க பேசினத யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. யார் வண்டில குண்டு பட்டாலும் அடுத்து அவங்க வீட்டுக்குத்தான் போறோம். இதுக்கு ஆள் வேற காட்டிக்குடுக்கணுமா?"

நம்புவதா? பக்கத்தில் வந்து நின்ற ஓட்டிஸும் நம்பினமாதிரித் தெரியவில்லை. வெளியே வந்ததும் கேட்டான்:

"நான்னு நெனச்சியா?"

"ஆமா. நீ?"

"நீதான்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம படில உக்காந்திருந்தோமே, அப்ப ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்தேன்."

"என் இடுப்புல இருந்துச்சு."

பேருந்து வந்தது, ஏறினோம்.

மே 16

சிகரெட்டுக்குப் பதில் வேறேதாவது வெளியே வந்திருந்தால்?

ஜூன் 2

துப்பாக்கியைத் துணியில் சுற்றி ஹாலிஸிடம் கொடுத்தேன். "நல்லதுப்பா" என்றார், அவ்வளவுதான். அதில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறாரா என்று ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்.

ஜூலை 14

பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவும் வேலை. ஓட்டிஸ் ஊரைவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சொல்லாமல்.

ஆகஸ்ட் 28

ஓட்டிஸ் போன் செய்தான். மீன் கடையில் வேலையாம். அறையில் ஏசி இல்லை, பக்கத்து வீட்டு நாய் தூங்க விடுவதில்லை என்று கால் மணி நேரம் புலம்பினான். சிரிப்பு வந்தது. எந்த ஊர் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏன் கேட்கிறேன் என்று யோசித்திருப்பான்.