பல் இல்லாத ஜோடி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. உங்கள் அப்பா, என் மாமா, இறந்த பிறகு நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து இந்த வீட்டுக்கு உன் கையால் ஒரு வரி வந்ததில்லை. தங்கச்சியோடு நான் போனில் பேசிக்கொள்வது வேறு விஷயம். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கடையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. தையல் மெஷின் ஓடாத நேரத்தில் உன் அண்ணனுக்குப் பாம்புக் காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அவருக்கு வலது முட்டியில் வலி. மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளுங்கள் என்றால், மோட்டார் வைத்துத் தைக்கிறவனெல்லாம் டெய்லரா என்கிறார். வாய்க்கு மட்டும் வலியே வருவதில்லை. மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த மாதமே மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். உங்கள் வீட்டு ரத்தம் வேறு எப்படி இருக்கும்? சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ போவதற்கு முன் ஒரு துணியைச் சுற்றி வைத்தாயே, அதேதான் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

நீ அனுப்பிய ஸ்டாம்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. இன்னும் உன் அண்ணனிடம் காட்டவில்லை. பொத்தான் டப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன். போன கடிதத்தில் உன் பாதியை அனுப்பு என்று மட்டும் கேட்டேன், காரணம் எழுதவில்லை. எழுதினால் எங்கே அனுப்பாமல் இருந்துவிடுவாயோ என்று பயம். இப்போது எழுதுகிறேன்.

மாமாவின் தபால்தலைச் சங்கத்தில், காலமான உறுப்பினர்கள் சேர்த்து வைத்தவற்றைக் கண்காட்சியாக வைக்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாமாவின் பல் இல்லாத ஜோடி கட்டாயம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். உன் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் பாதியை எடுத்துக்கொண்டு போனார். ஜோடி இல்லாவிட்டாலும் ஒன்றாவது இருக்கிறதே என்று அவருக்கு நினைப்பு.

மாமா இதைப் பற்றிப் பேசும்போது நீங்கள் இரண்டு பேரும் எங்கே காது கொடுத்தீர்கள்? வெங்காயம் உரித்துக்கொண்டே நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். சாதாரண ஸ்டாம்புக்கு நாலு பக்கமும் துளை இருக்கும், கிழித்தால் ஓரமெல்லாம் பல் பல்லாக நிற்கும். என்றைக்காவது ஒரு தாள் துளை போடும் மெஷினுக்குத் தப்பி வெளியே வந்துவிடும். தப்பியது அபூர்வம். அபூர்வம் என்றாலே ஏமாற்றுகிறவனும் வந்துவிடுவான். சாதாரண ஸ்டாம்பின் பல்லைக் கத்தரித்துவிட்டு, இதுவும் தப்பிப் பிறந்ததுதான் என்று கூசாமல் சொல்வான்.

மாமாவுக்கு அந்த ஜோடி கிடைத்தது பழைய பேப்பர் கடையில், ஒரு கட்டு உறைகளுக்கு நடுவில். யாரோ ஒரு அவசரக்காரன் வெளி ஓரங்களைப் படத்தை ஒட்டியே நறுக்கிப் பயன்படுத்தியிருந்தான். மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிறவனுக்கு இப்படி ஒன்று எப்படிக் கிடைக்கும், கத்தரித்ததாகத்தான் இருக்கும் என்று அந்தக் காலத்திலேயே சங்கத்தில் முணுமுணுத்தார்களாம். மாமா வாதாடவில்லை. ஆல்பத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, ஓரத்தைப் பார்க்காதீர்கள், நடுவில் பாருங்கள் என்றாராம். ஒட்டியிருக்கிற இரண்டுக்கும் நடுவில் ஒரு துளைகூட இல்லை. ஓரத்தில் யாரும் கத்தரி வைக்கலாம், நடுவில் எப்படி வைப்பான்? பார்த்துவிட்டு அவர்களே ஒப்புக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வரும், உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அந்த நடுவைத்தான் நீங்கள் இரண்டு பேரும் வெட்டினீர்கள்.

நான் அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் பீரோ ஒரு பக்கம், நாற்காலிகள் ஒரு பக்கம், ஆல்பத்தின் பக்கங்கள்கூடப் பாதி பாதி. கடைசியில் அந்த ஜோடி. உனக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை, அவருக்கும் இல்லை. சரிபாதி என்று நீ சொன்னாயாம். துணி வெட்டுகிற கத்தரியை அவர் எடுத்தாராம். மயிரிழை கோணாத வெட்டு. அதற்கும், உன் பாதி ஒடுக்கமாக இருக்கிறது என்று சண்டை. யானையை வெட்டிப் பங்கு போட்ட கதையாகிவிட்டது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டியிருந்தாய்.

அன்றைக்கு அந்த நடுவைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இப்போது சங்கத்தில் இல்லை, பேச்சு மட்டும்தான் மிச்சம்; ஸ்டாம்புகளைச் சோதித்துப் பார்க்கிறவரும் புதியவர். கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்குவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். அவர் அதே படம் போட்ட சாதாரண ஸ்டாம்பு ஒன்றை எடுத்து உன் அண்ணனுடையதன் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். துளையே போடாதது என்றால், துளைக்காக விட்ட இடமும் சேர்ந்து அது ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டுமாம். இது உள்ளேயே அடங்கிவிட்டது. ஒற்றையாக வந்தால் நம்புவதற்கு ஆதாரம் இல்லை, பல் கத்தரித்ததாகவே தோன்றுகிறது, கண்காட்சியில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பின்னாலிருந்து ஒரு பெரியவர், மருந்துக் கடைக்காரர் நன்றாகத்தான் சவரம் செய்திருக்கிறார் என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்களாம்.

ஜோடியாக இருந்தது, நாங்கள்தான் வெட்டினோம் என்று அங்கே சொல்ல உன் அண்ணனுக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக்கூட மாற்றாமல் வெட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன மனுஷனைத் திருடனாக்கிவிட்டு வந்தேன் என்றார். மாமா ஒரு பொட்டலத்தில் ஒரு மாத்திரை குறைத்துக் கட்டாதவர்.

அதற்குப் பிறகுதான் உன் பாதியைக் கேட்டேன். அது வந்த மறுநாளே, உன் அண்ணனின் பாதியையும் அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, பொத்தான் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு பூதக்கண்ணாடியைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷன், உட்காரச் சொல்லி, பொறுமையாகப் பார்த்தார். ஜோடியின் மேல் வட்டமாகத் தபால் முத்திரை ஒன்று விழுந்திருந்ததல்லவா, பாதி வட்டம் உன்னுடையதில், பாதி வட்டம் அண்ணனுடையதில். நடுவில் துளை இருந்து அதைக் கத்தரித்திருந்தால் ஒரு கீற்றுக் காகிதம் போயிருக்கும், வட்டம் சேராது. துளையே இல்லாமல் இருந்தால் இரண்டையும் ஒட்டி வைத்ததும் வட்டம் முழுசாகிவிடும், அதுவே போதும் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டையும் ஒட்டி வைத்தார்.

வட்டம் சேரவில்லை.

உன் பாதியில் வெட்டின பக்கம் இன்னொரு முறை வெட்டியிருக்கிறது என்று லென்ஸை என்னிடம் கொடுத்துக் காட்டினார். அப்போதுதான் உன் கடிதத்தில் நீ எழுதியிருந்தது உறைத்தது. அப்பாவின் படத்துக்குக் கீழே சின்னச் சட்டம் போட்டு வைத்திருந்தேன், உள்ளே அடங்காததால் ஓரத்தைக் கொஞ்சம் எடுத்தேன் என்று எழுதியிருந்தாயே. நீ ஆசையாகத்தான் செய்திருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா என்ற நினைப்பு இல்லாதவன் சட்டம் போட்டு வைப்பானா? ஆனால் போன காகிதம் போனதுதான். நான் நம்புகிறேன் அம்மா, என் நம்பிக்கைக்குச் சான்றிதழ் எழுத முடியாதே என்று அவர் வருத்தப்பட்டார். வெட்டினவர்கள் இரண்டு பேரும் மாதக் கூட்டத்தில் வந்து நின்று நடந்ததைச் சொன்னால், சான்று இல்லாவிட்டாலும், சொன்ன வார்த்தையை எழுதி அதன் கீழே இரண்டையும் கண்காட்சியில் வைக்கச் சம்மதம் என்றார்.

இதை எப்படி உன் அண்ணனிடம் சொல்வது என்று தெரியாமல்தான் பொத்தான் டப்பாவில் வைத்தேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலையில் ஒரு கோட்டுக்குப் பொத்தான் தேடி அவரே டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். டெய்லர் வீட்டில் பொத்தான் டப்பாவில் ஒளித்து வைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது! உன் கடிதத்தையும் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தன் பாதியை எடுத்து வந்து இரண்டையும் வெட்டுப் பலகையில் வைத்தார். பூதக்கண்ணாடி சொன்னதையெல்லாம் அப்போதுதான் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

“அவன் சரிபாதின்னு கேக்கத்தான் செஞ்சான். கத்தரி என் கையிலதான் இருந்துச்சு. அத நான் சொல்லிடுறேன். ஆனா அவன் பக்கத்துல நிக்கணும், தனியா நின்னா எனக்கு வாய் வராது.”

இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்.

கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வா. லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று ஆயிரம் காரணம் கிடைக்கும்; ஒன்றையும் எனக்கு எழுதாதே. பெரிய அறையைப் பெருக்கி வைத்துவிட்டேன். பழைய துணியை எடுத்துவிட்டுக் குழாயையும் ஒழுங்காகச் சரிசெய்து கொடுக்க வேண்டும், அது உன் வேலை.

இப்போது இரண்டு ஸ்டாம்பும் வெட்டுப் பலகையின் மேல், ஒரு கண்ணாடித் துண்டுக்கு அடியில் இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார். ஒட்டி வைக்கலாமே என்று கேட்டேன். போனதுக்கு இடம் விட்டால்தான் வட்டம் நேராக வரும் என்றார்.

நீ எங்கே இருந்தாலும் மாமாவின் ஆசி உன்னோடு இருக்கும். அது உன் அண்ணனுக்கும் இருக்கிறது என்று நீ வந்து ஒரு வார்த்தை அவரிடம் சொல், தம்பி. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி