ஏழாம் வளைவை மறுபடி பார்த்த மழைக்காலம்

ஜூன் 13, செவ்வாய்

ஜெனி என் சோபாவை ஆக்கிரமித்து இன்றோடு நான்கு நாள். "ரெண்டே நாள், உன் முகத்தைப் பாத்துட்டுப் போறேன்" என்று டகுபானிலிருந்து மலையேறி வந்த தங்கை, எங்கள் ஊர் பாகியோவில் சந்தையின் ஈரப் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு ஆறு வாரம். மழையும் பிடித்துக்கொண்டது. முப்பத்தெட்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு நான் ஓய்வு பெற்றது இதற்குத்தான் போலும்.

இன்று புது உபத்திரவம். 1992-ல் அவள் நடித்த தொலைக்காட்சித் தொடர், ‘ஏழாம் வளைவு’, அதை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். பதின்மூன்று பாகம். மணிலாவிலிருந்து ஒரு பேராசிரியை இவளைப் பேட்டி காண வருகிறாளாம். அதற்குள் மறுபடி பார்த்தாக வேண்டுமாம்.

"தனியாப் பாத்தா பயமா இருக்கும்க்கா. நீயும் உக்காரு."

"பயமா? எனக்கு அப்போ கொட்டாவிதான் வந்துச்சு."

உண்மை. அந்த வருஷம் விடைத்தாள் திருத்திக்கொண்டே ஏழெட்டுப் பாகம் ‘பார்த்தேன்’. தலை நிமிர்ந்ததாக நினைவில்லை.

ஜூன் 15

முதல் பாகம். மூடுபனியில் ஒரு பெண் தலையணையோடு நடக்கிறாள். ஆறு நிமிஷம் நடக்கிறாள். எங்கே? தெரியாது. நடுரோட்டில் கண்ணாடி வைத்த துணி அலமாரி; அதன்முன் ஒரு கிழவர் தலைவாருகிறார். கார்கள் சுற்றிக்கொண்டு போகின்றன, ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. புல்வெளியில் கட்டில். கட்டிலில் ஆடு தூங்குகிறது. முற்றும்.

"இந்த ஆடு யாரு?" என்றேன்.

"ஆடுக்கா."

"அது தெரியுதுடி. கதையில யாரு?"

"இயக்குநர்கிட்ட நானும் கேட்டேன். ‘வந்துச்சு, படுத்துச்சு’ன்னாரு."

இருந்தவர்களில் ஆடுதான் நன்றாக நடித்தது.

ஜூன் 16

இரண்டாம் பாகம். முதல் பாகமே தேவலை.

ஜூன் 20

பொறுக்க முடியாமல் ஒரு நோட்டில் அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். யார், எங்கே, எப்போது, ஏன். மூன்று பாகத்தில் பதினேழு பேர். நான்கு பேருக்குப் பெயரில்லை. இருவருக்கு ஒரே பெயர். ‘ஏன்’ என்ற கட்டம் முழுக்கக் காலி. இப்படி ஒரு விடைத்தாள் வந்திருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன்.

இன்றைய கூத்து: பூங்காவில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு குடும்பம். சரியாக ஏழு மணிக்குத் தலைவாரிக்கொண்டு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். பெட்டி ஓடவில்லை. மின் கம்பி தரையில் கிடக்கிறது. அணைந்த பெட்டியை அரைமணி நேரம் பார்க்கிறார்கள், பிறகு படுக்கிறார்கள். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுல என்ன இருக்கு சிரிக்க?" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

நீலத் தார்ப்பாய். மஞ்சள் கயிறு. அந்த முடிச்சு —

சர்க்கரைவள்ளிக் கிழங்கு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 23

ஐந்தாம் பாகம். ஏரியில் அன்னப்படகு. படகுக்குள் பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். கரையில் ஜனங்கள் குடையோடு வரிசை. ஒவ்வொருவராகப் படகேறிப் பாவம் சொல்லி இறங்குகிறார்கள்.

நோட்டை மூடிவிட்டேன். இது புதிரே இல்லை. இது ஜூலை.

1990 ஜூலை பதினாறு, திங்கள், மாலை நாலு இருபத்தாறு. நிலநடுக்கத்தில் ஊர் குலுங்கி நின்றபின் யாரும் கூரைக்கடியில் படுக்கத் துணியவில்லை. பாகியோ முழுவதும் பூங்காவில், மழையில். கைக்குக் கிடைத்ததை இழுத்துக்கொண்டு வந்தோம் — கட்டில், அலமாரி, கோழி, சாமி படம். பாட்டிஸ்டா வீட்டார் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். மின்சாரம் இல்லை. ஆனாலும் ஏழு மணிக்கு அதன்முன் உட்காருவார்கள். "இன்னைக்கு என்ன போடறாங்க?" என்று எங்கள் தார்ப்பாயிலிருந்து கேட்போம். "பழைய படந்தான்" என்பார் பாட்டிஸ்டா. பாதிரியாருக்கு அன்னப்படகை விட்டால் கூரையோடு தனியிடம் கிடையாது. எங்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகவே படவில்லை. அன்றைய வாழ்க்கை, அவ்வளவுதான்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஜெனி சொன்னாள்: "நான்தான் சொன்னேன்க்கா." அப்போது அவள் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். மறு வருஷம் அந்த இயக்குநர் அங்கே வந்து தங்கி, எப்படி இருந்தது என்று கேட்டாராம். மூன்று மத்தியானம் பேசினாளாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் முன்னாடி ஜூலைன்னு வாயைத் திறந்தவங்க யாரு இருக்காங்க?"

என் கணவர் அர்செனியோ டைப்ரைட்டர் பழுது பார்ப்பவர். அன்று ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலையாக இருந்தார். ஐந்தாம் நாள் எடுத்தார்கள். இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஜூன் 24

தொடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்க மழை.

ஜூன் 27

நானேதான் போட்டேன். காரணம் கேட்காதே.

இப்போது எரிச்சல் வேறு தினுசு. முன்பு ஒன்றும் புரியவில்லை என்று கோபம். இப்போது எல்லாம் தப்பாக இருக்கிறது என்று கோபம். பூங்காவில் நாவிதர் கடை போட்டது பைன் மரத்தடியில், சிலைக்குப் பக்கத்தில் இல்லை. ரொட்டி கொண்டுவந்தது மூன்றாம் நாள், இரண்டாம் நாள் இல்லை. நோட்டில் ‘ஏன்’ கட்டத்தைச் சிவப்பு மசியால் நிரப்பிக்கொண்டு வருகிறேன்.

"அக்கா, அந்த இயக்குநர் செத்தே போயிட்டாரு, அவருக்கா மார்க் போடறே?"

"நூத்துக்கு அறுபத்திரண்டு. கருணை மதிப்பெண்ணோட."

ஆறாம் பாகத்தில் ஓரிடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

ஜூலை 3, திங்கள்

பேராசிரியை ஜோவலின் துவாசோன் வந்துபோனாள். முப்பது வயதிருக்கும். நாற்பத்தோரு கேள்வி தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். இந்த மாதக் கடைசியில் கல்லூரி அரங்கில் தொடரைத் திரையிடப் போகிறார்களாம்.

"அணைஞ்ச தொலைக்காட்சிங்கறது நவீன மனுஷனோட வெறுமைதானே, மேடம்?"

"அது பாட்டிஸ்டா வீட்டு டிவி" என்றேன் நான்.

"ஆடு? அடக்கி வெச்ச ஞாபகங்கள்னு ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

"பினேடா அம்மாவோட ஆடு. பேரு பெபிங். படுக்கறதுக்கு அந்தம்மாவுக்கே இடமில்ல, அது மட்டும் கட்டில்ல படுத்துக்கும்."

பேராசிரியை அழுதுவிடுவாள் போலிருந்தது. ஜெனி மேசைக்கு அடியில் நல்ல காலால் என்னை உதைத்தாள். பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "ஒன்பதாம் பாகத்துல நீங்க செஞ்ச காட்சி, மழையில நின்னு சிரிக்கிற பொண்ணு. ரெண்டு நிமிஷம் நாப்பது விநாடி. அது எதுக்கு? யாருக்குமே விளங்கல."

ஜெனி கேள்வித்தாளை மடித்து அவள் பக்கமே தள்ளினாள். "அதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம்" என்றாள்.

ஒன்பதாம் பாகம் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 4

பார்த்தேன்.

வானத்திலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. ஜனங்கள் வரிசையில். பைஜாமாவுக்கு மேல் ஜிகினா வைத்த பச்சைக் கவுன் போட்ட ஒரு பெரியவர் கையை உயர்த்தி வரிசையை ஒழுங்கு படுத்துகிறார். வரிசைக் கடைசியில் ஒரு பெண் சிரிக்க ஆரம்பிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து, மூச்சு வாங்க. ஜெனிதான். ஆனால் அந்தக் கை, இடது கையால் வாயைப் பொத்தும் விதம் — அது என் கை.

அது நான்.

எழுதித்தான் ஆகவேண்டும். மூன்றாம் நாள். அர்செனியோ இன்னும் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டரில் நிவாரணப் பெட்டி வந்தது. கம்பளி என்று நினைத்துப் பிரித்தால் யாரோ மகராசி கட்டி அனுப்பிய விருந்து உடைகள். ஓய்வுபெற்ற நீதிபதி அல்மசான், ஊரே நடுங்கும் மனிதர், குளிரில் பல் அடித்துக்கொள்ள ஒரு பச்சைக் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு, நீதிமன்றக் குரலிலேயே, "அமைதி! வரிசை கலைந்தால் கடும் நடவடிக்கை!" என்றார். கவுனின் ஒரு தோள்பட்டை நழுவி விழுந்தது. அதை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி, "அமைதி!"

நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. எதிரில் அர்செனியோவின் அக்கா, கொன்சுவேலோ அண்ணி நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடக்கத்தின்போது எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "தம்பி இடிபாட்டுக்குள்ள கெடந்தான், இவ சிரிச்சுக்கிட்டு நின்னா." அதோடு பேச்சு நின்றது. முப்பத்து மூன்று வருஷம். ஒரே கோயில். அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

அதைப் போய் — என் கூடப் பிறந்தவ — ஊர் பாக்க — சீ.

ஜூலை 5

காலையில் கஞ்சியைக் கொண்டுபோய் அவள் முன் நங்கென்று வைத்தேன்.

"என் மானத்தை வித்துட்டியேடி."

"விக்கலக்கா."

"பின்ன? ரெண்டு நிமிஷம் நாப்பது விநாடி! நாடே பாத்துச்சு, இந்தப் பைத்தியக்காரி யாருன்னு!"

"அந்த வேஷத்துக்கு வேற பொண்ணைப் போட்டிருந்தாங்க. நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்."

"ஏன்?"

கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தாள்.

"அந்த மூணு நாளும் நீ சாப்பிடல. தண்ணி குடிக்கல. அவரு உள்ள இருக்காருன்னா நானும் உள்ள போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தே, ஞாபகம் இருக்கா? ராணுவக்காரங்க ரெண்டு தடவை உன்னை இழுத்துட்டு வந்தாங்க. நீ சிரிச்சதும் எல்லாரும் உனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னாங்க. எனக்கு மட்டும், அப்பாடா, இவ பொழைச்சுக்குவான்னு தோணுச்சு. அதை வேற எவளாவது பைத்தியம் மாதிரி நடிச்சிட்டா? அதான் நானே செஞ்சேன்."

உள்ளே போக முயன்றது எனக்கு நினைவே இல்லை. ராணுவக்காரர்களும் நினைவில்லை. சிரித்தது மட்டும்தான் இருந்தது, இத்தனை வருஷமும்.

கஞ்சி ஆறிப்போயிற்று. சூடு பண்ணிக் கொடுத்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தேன். அண்ணி இடப்பக்கம். நான் வலப்பக்கம்.

ஜூலை 29, சனி

கல்லூரித் திரையிடல். கட்டுப் பிரித்தாயிற்று, ஜெனி கைத்தடியோடு மகாராணி மாதிரி முதல் வரிசையில். ஒன்பதாம் பாகம் முடிந்ததும் ஒருவன் எழுந்து, அந்தப் பெண் தேசத்தின் மனச்சிதைவா என்று கேட்டான். ஜோவலின் ஒலிவாங்கியை ஜெனியிடம் நீட்டினாள். அவள் — துரோகி — அதை என் கையில் வைத்துவிட்டாள்.

வகுப்பெடுத்த பழக்கம்; கையில் கொடுத்தால் பேசிவிடுவேன். "என் பேரு ஃபெலிசா. தேசமெல்லாம் இல்ல. அது நான்" என்று தொடங்கினேன். கட்டடம், மூன்றாவது மாடி, மழை. எல்லாம் சொன்னேன். பிறகு பெட்டியைப் பிரித்தேன், நீதிபதிக்குக் கவுனை மாட்டிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பாவம், சிரிக்கலாமா என்று தெரியவில்லை அவர்களுக்கு. "சிரிக்கலாம், தப்பில்ல" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். "நானும் அந்த வரிசையில நின்னேன், டீச்சர். எனக்கு நீச்சல் செருப்பு கெடைச்சுது, தவளைக் கால் மாதிரி. இடது கால் மட்டும்."

அவ்வளவுதான், அரங்கே சிரிப்பில் உருண்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் வாயைப் பொத்தவில்லை.

ஜோவலினுக்கு அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டுமாம். எழுதட்டும். எழுத்துப் பிழையும் நிறைய.

ஆகஸ்ட் 2

ஜெனியைப் பேருந்து ஏற்றிவிட்டேன். சோபாவில் பள்ளம். வீடு எவ்வளவு அமைதி. அமைதியாக இருக்கட்டும் என்றுதானே ஏழு வாரமும் புலம்பினேன்?

ஆகஸ்ட் 9, புதன்

இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் கொன்சுவேலோ அண்ணி. எழுபத்தொன்பது வயதில், கொட்டுகிற மழையில், இரண்டு ஜீப்னி வண்டி மாறி வந்திருக்கிறாள். அரங்கத்தில் நான் பேசியதை அவள் பேரன் கைபேசியில் காட்டினானாம். அவ்வளவுதான் சொன்னாள்; பேசியது சரியா தப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. செருப்பைக் கழற்றினாள், சோபாவில் உட்கார்ந்தாள், பள்ளத்தைத் திட்டினாள்.

"போடு அந்தக் கண்ராவியை. என்னதான் இருக்குன்னு பாப்போம்."

போட்டேன். இஞ்சித் தேநீர் கொடுத்தேன். தலையணைக்காரி நடந்தாள். ஆடு தூங்கியது. அணைந்த பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூன்று பாகத்தையும் பார்த்து முடித்தாள்.

"ஒரு எழவும் புரியல, ஃபெலிசா."

"எனக்கும் முதல்ல புரியல, அண்ணி."

கோப்பையைக் கீழே வைத்தாள். "அர்செனியோ இருந்திருந்தா முதல் பத்து நிமிஷத்துல குறட்டை விட்டிருப்பான்."

"அஞ்சே நிமிஷம்" என்றேன். "விட்டுட்டு, முழிச்சுக்கிட்டு, எனக்கே கதை சொல்லுவாரு."

அவள் தோள் முதலில் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். அவள் அவர் பெயரை என்னிடம் சொல்லி முப்பத்து மூன்று வருஷம்.

நான்கரைக்குக் கிளம்பினாள். நான்காம் பாகத்தை நான் தனியாகப் பார்க்கக் கூடாதாம். உத்தரவு. அதோடு, தேநீரில் சர்க்கரை அதிகமாம்.