வெறுசாகத் திரும்பக் கூடாத துணி

பீரோவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை அடித்தது. கிறிஸ்மஸுக்குப் போடும் மேசை விரிப்பைத் தேடப் போனவள், உன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். துவைத்துக் காயவைத்துதான் மடித்து வைத்திருந்தேன். அப்படியும் தீபாவளிக்கு நீ அதில் கட்டிக் கொண்டுவந்த அதிரசத்தின் வாசனை போகவில்லை. அதிரசம் கொடுத்துவிட்டுப் போனவள், அந்தக் கார்த்திகையிலேயே நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வீடு திரும்பவில்லை. துணி என்னிடமே தங்கிவிட்டது.

நாளை கிறிஸ்மஸ். முறைப்படி இதில் கேக்கும் கலகலாவும் கட்டி உன் வீட்டுக்கு நான் கொண்டுவர வேண்டும். ஆனால் உன் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. துக்கம் நடந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகலாமா, கூடாதா? எங்களுக்கு அந்த வழக்கம் இல்லாததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காய்கறிக்கார அம்மா, "தாராளமா குடும்மா, அவுங்கதான் செய்யக் கூடாது" என்றார். என் வீட்டுக்காரரோ, "எதுக்கு இந்தப் பேஜார்? அப்புறமா பாத்துக்கலாம், உடு" என்கிறார். அப்புறம் என்றால் எப்போது? வெறும் துணியை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்தான். அதை நீயே கூடாது என்று சொல்லியிருக்கிறாய்.

உனக்கு ஞாபகம் இருக்குமே. ஷூ கம்பெனியில் இருவரும் பேக்கிங்கில் நின்ற காலம். ஷூவுக்குள் காகிதம் திணித்து, மேலேயும் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி முடிக்கும்போது கம்பெனி பஸ் கிளம்ப நேரமாகியிருக்கும். அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு உனக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினேன். கடைக்காரரிடம் சொல்லி மினுமினுக்கும் தாள் சுற்றி, ரிப்பனில் பூ வைத்துப் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினேன். நீ டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போனாய்.

"நாள் பூரா பேப்பர் சுத்தி கை காஞ்சி கெடக்குது. ஊட்டுக்கு வந்தும் பிரிச்சிக்கினு இருக்கணுமாடி?"

"பாக்க அழகா இருக்கட்டும்னுதான்."

"பாத்தாச்சி. இப்ப இத இன்னா பண்றது, அத சொல்லு."

பண்டிகை முடிந்தால் நம் தெருமுனையில் அந்தத் தாள் எப்படிக் குவியும் என்று இருவருக்குமே தெரியும். கொளுத்தினால் ஒழுங்காக எரியாது, சுருண்டு நாற்றமாகப் புகையும். கால்வாயில் விழுந்தது பாலாற்று மணலில் போய்ச் செருகிக்கொண்டு கோடை வரைக்கும் மினுங்கும். தினம் பஸ்ஸிலிருந்து பார்த்ததுதான். நான் வாங்கிவந்த தாளும் அங்கேதான் போகும் என்று அதுவரை யோசித்ததில்லை.

அடுத்த தீபாவளிக்கு நீ மூட்டையோடு வந்தாய். உன் பழைய பச்சைப் பருத்திப் புடவையில் கடுகு நிறக் கரையோடு ஒரு சதுரம் வெட்டி, மெஷினில் ஓரம் அடித்திருந்தாய். நான்கு முனையையும் சேர்த்து நீ போட்ட முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. உள்ளே நான் கொடுத்த அதே டிபன் பாக்ஸ், அது நிறைய அதிரசம்.

"பாக்ஸும் துணியும் என்னுது. திருப்பிக் குடுத்துடு. வெறுசா மட்டும் குடுக்காத."

அன்றைக்கு என் நாத்தனார் வேலூரிலிருந்து வந்திருந்தாள். "பழைய புடவையிலயா கட்டிக் குடுப்பாங்க?" என்று உதட்டைச் சுழித்தாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் உன்னிடம் சொல்லிப் புலம்பினேன். நீ சிரித்தாய். "உள்ள இருந்தத துன்னாங்களா இல்லயா?" என்றாய். துன்னாள்தான், அதுவும் ஜாஸ்தியாகவே.

அதற்கப்புறம் அந்தத் துணி இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தது. தீபாவளிக்கு இங்கே, கிறிஸ்மஸுக்கு அங்கே. கேக் வந்தது, நீ அரைத்த சீயக்காய் வந்தது, கற்பூரவல்லிக் கன்றுகூட ஒருமுறை மண்ணோடு வந்தது. என் பிள்ளைகள் படித்து முடித்த கதைப் புத்தகங்கள் உன் மகனுக்குப் போயின. போன கிறிஸ்மஸுக்குக் கட்டும்போது பார்த்தேன், துணி நடுவில் நைந்திருந்தது. கிழிந்துவிடுமே என்று நான் பதறியதும் நீ என்னைக் கேலி செய்தாய்.

"கிழிஞ்சா கிழியட்டும். அடுத்தது உன் புடவதான். இப்பவே ஒண்ணு பாத்து வெய்யி."

நான் பார்த்து வைக்கவில்லை. அவசரம் என்ன என்றிருந்தேன்.

இப்போது எனக்கு உன் மருமகளை நினைத்துத்தான் பயம். சோளிங்கரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பெண்தான், ஆனால் நாங்கள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எல்லாமே போனில்தான் வாங்குகிறாள். உங்கள் வாசலில் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் சாய்ந்து கிடக்கும். அவளுக்கு இந்தத் துணி என்ன தெரியும்? கேக்கை எடுத்துக்கொண்டு துணியை அடுப்பங்கரையில் கரித்துணியாகப் போட்டுவிட்டால்? அப்படிப் போட்டால் நமக்குள் இருந்ததும் அத்தோடு சரி. அவளைக் குறை சொல்லவும் முடியாது. துணி அந்த வீட்டுடையதுதானே.

மீதியை இன்று, கிறிஸ்மஸ் ராத்திரி எழுதுகிறேன். போய்விட்டு வந்துவிட்டேன்டி.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், புதுப் புடவையோடு உன் வாசலில் நிற்க மனம் ஒப்பாமல் பழையதை மாற்றிக்கொண்டேன். தெருவில் பாதி தூரம் போய்த் திரும்பினேன். பிறகு நீ என்னைத் திட்டுவது காதில் கேட்டதுபோல் இருந்தது, மறுபடி நடந்தேன். கதவைத் திறந்தது உன் மருமகள்தான்.

"வாங்க ஆன்ட்டி."

"பண்டிக இல்லன்னு தெரியும்மா. தப்பா எடுத்துக்காத. துணி குடுக்கணும், அதான்..." என்று உளறினேன். மூட்டையை நீட்டிவிட்டேனே தவிர, பிடியை விடவில்லை. அவளாகத்தான் வாங்கி மேசையில் வைத்துப் பிரித்தாள். கேக்கை ஒரு தட்டுக்கு மாற்றிவிட்டுத் துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நடுவுல நைஞ்சி போச்சே ஆன்ட்டி."

சரி, கரித்துணிதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அதற்குள் அண்ணன், உன் வீட்டுக்காரர், உள்ளிருந்து வந்தார். நீ போனதிலிருந்து பாதியாகிவிட்டார். துணியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "வந்துடுச்சா," என்றார். "அவ இருந்தா காலைலேர்ந்து வாசல்லயே நின்னிருப்பா." ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த தீபாவளியும் நமக்குக் கெடயாதே மாமா," என்றாள் உன் மருமகள். "ரெண்டு வருஷம் இது இங்கயே கெடக்கணுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பின்பக்கம் போனாள். நீ வைத்த எலுமிச்சை மரத்திலிருந்து மடி நிறையப் பறித்துவந்து துணியில் கொட்டினாள். "பலகாரம்தானே செய்யக் கூடாது. இது மரத்துல காச்சதுதானே ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே இறுக்கிக் கட்டினாள். "வெறுசா குடுக்கக் கூடாதுன்னு அத்த சொல்லிருக்காங்க."

எப்போது சொன்னாய் அவளிடம்? என்னிடம் சொல்லவேயில்லையே. நான் தெருவில் அழுதுகொண்டே வந்தேன், பண்டிகை நாளும் அதுவுமாக.

அவள் போட்ட முடிச்சு உன்னுடையதைப் போல இல்லை. கல்லாய் இறுகியிருந்தது. அவிழ்ப்பதற்குள் நகம் போய்விட்டது. அவிழ்த்துப் பார்த்தால், எலுமிச்சையின் கனம் தாங்காமல் துணி நடுவில் கிழிந்திருந்தது.

நீ சொன்னபோதே ஒன்று பார்த்து வைத்திருக்க வேண்டும். நீயும் நானும் ஏலகிரி போனபோது நான் கட்டியிருந்த நீலப் பருத்திப் புடவையை எடுத்தேன். கரையோரமாகக் கத்திரிக்கோலை வைத்து வெட்டிவிட்டேன். உன் பச்சைத் துணியின் கிழிசலைத் தைத்து, ஏலக்காய் வாசனையோடு மறுபடி பீரோவில் வைத்திருக்கிறேன். அது இனி எங்கேயும் போக வேண்டாம்.

நீலத் துணிக்கு ஓரம் அடித்தாகிவிட்டது. இப்போது வேறு கவலை. இந்த முறை துணி என்னிடம் இருக்கிறது, பொங்கலோ அவர்களுக்குக் கிடையாது. எதைக் கட்டிக் கொடுப்பது? எந்த நாளில் போவது? இதையெல்லாம் நான் உன்னைத்தானேடி கேட்பேன்.