திரைக்குப் பின்னால் ஒரு கை

என்னங்க,

நான் எழுதின புத்தகம் போன மாதமே அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் வளர்த்துக் காட்டில் விட்ட காண்டோர் கழுகுக் குஞ்சின் கதை. கடைசிப் பக்கத்தில் அது மலைக்கு மேலே பறக்கிறது. யாரோ சுட்டுப்போட்ட மானைத் தின்று, அதிலிருந்த ஈயக் குண்டு விஷமாகி அது செத்த சேதி வருவதற்குள் அச்சு முடிந்துவிட்டது. பதிப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளைங்க புத்தகத்துல எதுக்குங்க சாவு?" என்று போனை வைத்துவிட்டார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதைப் புதைத்த அன்றைக்காவது வீட்டுக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். கழுகு மையத்திலேயே படுத்துக்கொள்கிறீர்களாம், காவலாளி சொன்னார். அத்தனை நாள் ஊட்டின கைக்கு ஒரு போனை எடுக்கத் தெம்பில்லையா? சாப்பிடவாவது செய்கிறீர்களா?

நம் பெண் நன்றாக இருக்கிறாள். புத்தகம் அவளுக்கு மனப்பாடம். போன வாரம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, உங்கள் பழைய சாக்ஸைக் கையில் மாட்டி, பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தாய்க்கழுகின் தலை மாதிரி இருக்கும் கையுறையை மாட்டி நீங்கள் குஞ்சுக்கு ஊட்டுவீர்களே, அப்படியே.

"வெளிய வாடி, உன் முகத்தைப் பாக்கணும்" என்றேன்.

"ஐயோ, முகத்தைக் காட்டக் கூடாதும்மா. காட்டினா குஞ்சு நம்மகிட்டயே ஒட்டிக்கும். அப்புறம் காட்டுல பொழைக்காது."

நான் எழுதின வரிதான். சிரித்துவிட்டேன்.

"அப்பாவும் அதுக்குத்தான் வரலியாம்மா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அதற்கப்புறம் அவள் உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உங்கள் மகளின் அம்மா