தழும்பில்லாத முகம்

குஞ்சு,

நீ போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரின் அட்டையை உன் மகள் கைபேசியில் அனுப்பியிருக்கிறாள். பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது. அட்டைப் படத்தில் பட்டுச் சேலை, சந்தன நிறம், நேரான மூக்கு. பனியில் சைக்கிளோடு விழுந்து தாடையில் வாங்கினாயே, அந்தத் தழும்பைக் காணவில்லை. அச்சகத்தில் அழித்துவிட்டார்கள். இது யாரோ ஒருத்தி.

எனக்கு அந்த ஜப்பான் பெண்கள்தான் ஞாபகம் வந்தார்கள். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நூதனசாலையில் நீயும் நானும் துடைக்கிற வேலை செய்த காலம். மரத்தில் செதுக்கி அச்சடித்த படங்களைச் சுவர் நிறைய மாட்டியிருந்தார்கள். கொண்டையில் ஊசிகள், பட்டு உடுப்பு, வயிற்றுக்கு முன்னால் பெரிதாகக் கட்டிய இடுப்புப் பட்டி. கலியாணப் பொம்பிளைகள் என்றே நினைத்தோம்.

"எல்லாரும் ஒரு தாய் பிள்ளையளோ அக்கா? ஒரே மூஞ்சை!" என்று சிரித்தாய்.

அங்கே வேலை செய்த டெனிஷ்காரிதான் சொன்னாள், பட்டியை அப்படி முன்னால் கட்டியவர்கள் விலைக்கு விற்கப்பட்ட பெண்கள், வரைந்தவர்கள் அநேகமாக ஆண்கள் என்று. உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு நோவும் முகத்தில தெரியேல்லையே. வடிவைப் பூசி மறைச்சுப்போட்டாங்கள்."

மூலையில் ஒரு சின்னப் படம். கொண்டை சரிய, ஒருத்தி பிடரியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "இவள் களைச்சுப்போனாள். இவள் எங்கட ஆள்," என்றாய். அதன் கண்ணாடியைத் துடைக்க என்னை விட்டதேயில்லை. ஒருநாள் அவளைப் போலவே துவாயைப் பிடரியில் வைத்து நின்றாய். நான் படமெடுத்தேன். நீல வேலைச் சட்டை, தழும்பு, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு.

அதை இப்போது உன் மகளுக்கு அனுப்பினேன். உடனே என்னை அழைத்தாள்.

"நை, வேண்டாம் பெரியம்மா! வேலை உடுப்போடயோ அம்மாவைச் சனத்துக்குக் காட்டுறது? கடைசியா ஒருக்காலாவது வடிவா இருக்கட்டும்."

பாதி தமிழிலும் பாதி டெனிஷிலும் அழுதாள். பிறகு, "சரி, எந்தப் படமெண்டு நீங்களே சொல்லுங்கோ. ரெண்டு மணிக்கு அச்சகத்துக்குச் சொல்லவேணும்," என்று வைத்துவிட்டாள்.

குசினி அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். எந்தக் கண்ணாடியைத் துடைத்தாலும் இன்னும் அந்தப் பிடரிதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேலைச் சட்டைப் படம்தான் நீ, எனக்குத் தெரியும். ஆனால் நீயும் படமெடுக்க நின்றால் பவுடர் பூசாமல் நிற்கமாட்டாயே. அன்றைக்குக்கூட, "இதை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதையுங்கோ அக்கா," என்றுதானே சொன்னாய்.

இரண்டு மணியாகப் போகிறது. உனக்கு எந்த முகம் வேணும், குஞ்சு?